குழந்தைகளுக்காக உழைத்தவருக்குப் பணி நிறைவு விழா: யாரையும் காட்டிக்கொடுக்காமல் பாராட்டுவது எப்படி?

ஆசிரியர் ஓய்வு பெற்றால் பழைய மாணவர்களை வரிசையாக மேடையேற்றலாம். குழந்தைகள் நலப் பணியில் முப்பது ஆண்டு கழித்தவருக்கு அப்படிச் செய்ய முடியாது. அவர் சாதித்ததெல்லாம் பூட்டிய அலமாரியில் கோப்புகளாக இருக்கிறது. அதைத் திறந்து காட்டினால் அவர் இத்தனை ஆண்டு காத்த இரகசியம் ஒரே மாலையில் கலைந்துவிடும். அழைப்பிதழ், விழா மலர் (நினைவு இதழ்), மேடை எல்லாவற்றையும் இந்தச் சிக்கலை மனத்தில் வைத்தே திட்டமிட வேண்டும்.

முதலில் அவரிடமே கேளுங்கள்

விழாவுக்குப் பத்து வாரம் முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள். அவருக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்து திடீரென்று மகிழ்விக்கும் வேலை இங்கே வேண்டாம். வழக்குகளில் சாட்சி சொன்னவர், பிள்ளைகளை ஆபத்தான வீட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தவர் மீது கோபத்தோடு அலைபவர்கள் இருப்பார்கள். அவர் பெயர், படம், இடம், நேரம் நான்கையும் ஒரே சுவரொட்டியில் போட்டு ஊருக்குச் சொல்வது ஆபத்து. நேரலை ஒளிபரப்பும் அப்படித்தான்.

கேட்க வேண்டியவை: யார் வர வேண்டும், யார் வரவே கூடாது, படம் வெளியே போகலாமா, எந்த வேலையைப் பற்றிப் பேசினால் மகிழ்வார், எதைத் தொடக் கூடாது. அரசு அல்லது அறக்கட்டளை ஊழியராக இருந்தால், பரிசு வாங்குவதற்கு அவருடைய நிறுவனத்தில் உச்சவரம்பு உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பரிசை வாங்கிய பிறகு கேட்டால் அவரே அதைத் திருப்பிக் கொடுக்க நேரும்.

அழைப்புப் பட்டியலில் ஓட்டுநர், எழுத்தர், மொழிபெயர்ப்பாளர், வளர்ப்புப் பெற்றோர் பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நள்ளிரவில் ஒரு குழந்தையை அழைத்துவரப் போனபோது கூட இருந்தவர்கள் இவர்கள்தான். பட்டியலில் முதலில் விடுபடுவதும் இவர்கள்தான்.

பழைய குழந்தைகளைத் தேடிப் போகாதீர்கள்

'அவர் உதவிய பிள்ளைகள் இப்போது பெரியவர்கள் ஆகியிருப்பார்கள், கோப்பில் முகவரி இருக்கிறது, எழுதிப் பார்ப்போம்' என்று குழுவில் யாராவது சொல்வார்கள். அந்த முகவரி குழந்தையின் பாதுகாப்புக்காக வாங்கியது. விழாவுக்கு அதை எடுக்கக் கூடாது. கடிதம் போய்ச் சேரும் வீட்டில், கடந்த காலத்தை யாரிடமும் சொல்லாத ஒருவர் மனைவி மக்களோடு வாழ்ந்துகொண்டிருக்கலாம். ஐ.நா. பொதுச்சபை 1989 நவம்பர் 20 அன்று ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, 16-ஆம் பிரிவில் குழந்தையின் அந்தரங்கத்தைக் காக்கச் சொல்கிறது. ஓய்வு பெறுபவர் காத்து நின்றதும் அதைத்தான்.

வழி இருக்கிறது. நிறுவனத்தின் பெயரில் பொதுவான ஓர் அறிவிப்பு கொடுங்கள்: இன்னார் ஓய்வு பெறுகிறார், அவருக்கு ஏதாவது சொல்ல விரும்புவோர் இந்தத் தேதிக்குள் எழுதலாம், பெயர் கட்டாயமில்லை. தாமாக முன்வருபவர் 18 வயது கடந்தவர்தானா என்று உறுதி செய்து, எழுத்துபூர்வமாக ஒப்புதல் வாங்குங்கள். அவர் சொன்னது எங்கே வரும், யார் பார்ப்பார்கள், மனம் மாறினால் யாரிடம் சொல்வது, எந்த நாள்வரை திரும்பப் பெறலாம் ஆகிய நான்கும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். அச்சுக்குப் போகும் நாளுக்கு முந்தைய நாள்வரை அவகாசம் கொடுங்கள்.

சிறுவர்களை மேடையேற்றி 'என்னைக் காப்பாற்றியவர்' என்று பேச வைக்காதீர்கள். பெற்றோர் சம்மதித்தாலும் வேண்டாம். அந்தக் காணொளி அந்தப் பிள்ளையோடு ஆயுள் முழுவதும் வரும்.

கதையைச் சொல்லும் முறை

பெயரை மாற்றினால் போதும் என்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

'2011-இல் தீ விபத்தில் பெற்றோரை இழந்த, பேச்சு வராத இரட்டையரைப் பிரிக்காமல் ஒரே வீட்டில் சேர்த்துவைக்க இவர் 14 மாதம் போராடினார்.'

இதில் ஒரு பெயர்கூட இல்லை. ஆனாலும் அந்தப் பக்கத்தில் வாழும் யாரும் யாரென்று சொல்லிவிடுவார்கள். ஆண்டு, தீ விபத்து, இரட்டையர், பேச்சு வராதது என்று நான்கு விவரமும் சேர்ந்தால் உலகில் ஒரே ஒரு வீட்டைத்தான் காட்டும். அதையே இப்படி எழுதலாம்:

'உடன்பிறந்தவர்களைப் பிரித்து வெவ்வேறு வீடுகளில் வைக்கக் கூடாது என்று இவர் மாதக்கணக்கில் விடாமல் வாதாடினார். அதன் பிறகுதான் அந்த அலுவலகப் படிவத்தில் "உடன்பிறந்தோர் எங்கே இருக்கிறார்கள்?" என்று ஒரு கட்டம் சேர்ந்தது.'

பெரியவர் செய்ததை வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைக்கு நடந்ததை நீக்கிவிடுங்கள். இரண்டாவது வாக்கியத்தில் அவருடைய உழைப்பு இன்னும் தெளிவாகவே தெரிகிறது. ஒரே சம்பவத்தைக் குழந்தை ஐந்து பேரிடம் ஐந்து முறை சொல்ல வேண்டியிருந்ததை ஒரு முறையாகக் குறைத்தது, குற்றம் சாட்டப்பட்டவரும் குழந்தையும் ஒரே நடைக்கூடத்தில் காத்திருக்காதபடி தனி அறை கேட்டு வாங்கியது, புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது போன்றவற்றைத் தேடிப் பிடியுங்கள். இவற்றைப் பெயர், தேதியோடு தாராளமாகச் சொல்லலாம்.

'இத்தனை ஆயிரம் குழந்தைகளை மீட்டவர்' என்று பதாகையில் எண் போடாதீர்கள். பெரும்பாலும் அதைச் சரிபார்க்க முடியாது. அவரோடு சேர்ந்து உழைத்தவர்களுக்கும் அது உறுத்தும்.

பேச்சு

வாழ்த்துரைக்கு மூன்று பேர் போதும். ஆளுக்கு நான்கு நிமிடம். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்குச் சுமார் 100 தமிழ்ச் சொல் வரும், ஆக 400 சொல்லுக்குள் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் முன்பே வாங்கி, அந்த வழக்குகளை அறிந்த ஒருவரும் அறியாத ஒருவரும் படிக்க வேண்டும். வெளியாள் கண்ணுக்குப் படாத அடையாளம் அறிந்தவருக்குப் படும், அறிந்தவர் 'இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே' என்று விடுவதை வெளியாள் பிடிப்பார். தாளை மூடிவைத்துவிட்டு 'இன்னொன்று சொல்கிறேன்' என்று தொடங்கும் மூத்தவர்தான் வழக்கமாக எல்லாவற்றையும் கொட்டிவிடுபவர். அவரிடம் விழாவுக்கு முன்பே தனியாகச் சொல்லிவையுங்கள்.

ஏற்புரைக்குப் பத்து நிமிடம் ஒதுக்கி, கடைசியில் வையுங்கள்.

படமும் மலரும்

குழந்தை இருக்கும் படத்தை ஒதுக்கிவிடுவதே நல்லது. தவிர்க்க முடியாதென்றால் முகத்தை மங்கலாக்குவதோடு நிறுத்தாதீர்கள். சீருடை, பள்ளிப் பலகை, வீட்டு வாசல், கையிலுள்ள தழும்பு எல்லாம் அடையாளம். மங்கல் வடிகட்டிக்குப் பதிலாக முழுக் கறுப்புக் கட்டத்தை வைத்து, படத்தையும் கட்டத்தையும் தனித்தனி அடுக்காக (layer) விடாமல் ஒன்றாக்கிச் சேமியுங்கள். அடுக்கு தனியாக இருந்தால் அச்சகத்தில் யார் வேண்டுமானாலும் ஒரே சொடுக்கில் நீக்கிவிடலாம். கோப்பின் பெயரிலேயே குழந்தையின் பெயர் இருப்பதும் உண்டு, படத்துக்குள் இடக்குறிப்பு பதிந்திருப்பதும் உண்டு. இரண்டையும் நீக்குங்கள்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். அச்சிடும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி இருக்க வேண்டும். நடுவில் பின் அடிக்கும் மலரானால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். 32 பக்கம் கைக்கு அடக்கமாக இருக்கும். வந்த கட்டுரைகளில் பழைய எழுத்துரு கலந்திருந்தால் மெய்ப்பில் (அச்சுக்கு முன் சரிபார்க்கும் நகலில்) ஒரு பக்கம் கட்டம் கட்டமாக நிற்கும். எல்லாவற்றையும் யுனிகோடுக்கு மாற்றி, எழுத்துருவை உட்பொதித்த பிடிஎஃப் ஆகக் கொடுங்கள்.

இப்போது அவரோடு இருக்கும் குழந்தைகள்

திட்டமிடுவோர் மறப்பது இதைத்தான். விழா பெரியவர்களுக்கு. அவர் கையில் இன்னும் இருக்கும் குழந்தைகளுக்கு அவர் போவது இன்னோர் இழப்பு. நான்கைந்து வாரம் முன்பே அவரே நேரில் சொல்ல வேண்டும்: எந்த நாளோடு வருவது நிற்கும், அடுத்து யார் வருவார், இதில் உன் தவறு எதுவுமில்லை. புதியவரோடு குறைந்தது இரண்டு சந்திப்பாவது சேர்ந்து நடக்கட்டும். 'எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு' என்று காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்க வேண்டாம் என்று அவருக்கும் நினைவூட்டுங்கள். குழந்தை வரைந்து கொடுக்கும் படம் அவர்கள் இருவருக்கும் மட்டுமே உரியது. அதை மலரில் போடாதீர்கள்.

விழா முடிந்த பின்

பயன்படுத்தாத கடிதம், படம், பழைய மெய்ப்பு எல்லாவற்றையும் ஒரு மாதத்துக்குள் அழியுங்கள். பொறுப்பாளர் யார் என்று முன்பே பெயர் குறித்துவிடுங்கள். ஏற்பாட்டுக்குத் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவை மூடினால் மட்டும் போதாது. குழுவிலிருந்த ஒவ்வொருவரின் தொலைபேசியிலும் அந்தப் படங்கள் தானாகச் சேமிப்பாகியிருக்கலாம். ஒவ்வொருவரும் தத்தம் படத்தொகுப்பிலிருந்து அவற்றை நீக்கிவிட்டுச் சொல்ல வேண்டும். அச்சகத்துக் கணினியில் இருக்கும் நகலையும் கேட்டு அழிக்கச் சொல்லுங்கள்.