விரிகோண முக்கோணம்: மூன்றாவது பக்கத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

நீலகிரியில் கேத்திப் பக்கம் கேரட் போடும் படிக்கட்டு நிலங்களில் சதுரமான மூலை கிடைப்பது அபூர்வம். ரோடு வளையும் இடத்தில் முக்கோணமாக ஒரு துண்டு மிஞ்சும். அதன் இரண்டு ஓரங்கள் 7 மீட்டர், 10 மீட்டர். ஏதோ ஒரு மூலை 90 பாகைக்கு மேல் விரிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது ஓரம் முழு எண் என்றால், என்னென்ன அளவு வரலாம்?

(சரிவில் இந்தக் கணக்கு செல்லுமா? செல்லும். மூன்று முளைக்குச்சிகளின் நுனிகள் எப்போதும் ஒரே தளத்தில்தான் இருக்கும். டேப்பை மேடுபள்ளத்தோடு படுக்கவிடாமல் நுனிக்கு நுனி விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள்.)

படி 1: முக்கோணம் அமையுமா? தெரியாத ஓரம் x. அது 10 − 7 = 3-ஐ விடப் பெரிதாகவும், 10 + 7 = 17-ஐ விடச் சிறிதாகவும் இருக்க வேண்டும். ஆக, 4 முதல் 16 வரை.

படி 2: மூலை எப்போது விரியும்? மேஸ்திரிகள் செங்கோணம் பிடிக்க 3, 4, 5 அடி அளந்து கயிறு கட்டுவார்கள்; 9 + 16 = 25. அந்த 5 அடியை 6 ஆக்கினால் மூலை விரிந்துவிடும். அதாவது, மிகப்பெரிய பக்கத்தின் வர்க்கம் மற்ற இரண்டின் வர்க்கங்களின் கூடுதலை விட அதிகமானால் விரிகோணம்.

படி 3: x-தான் மிகப்பெரியது என்றால், x² > 49 + 100 = 149. 12² = 144, போதாது. 13² = 169, சரி. எனவே 13, 14, 15, 16.

பலர் இங்கேயே பேனாவை மூடிவிடுகிறார்கள். பாதி விடைதான் வந்திருக்கிறது!

படி 4: 10-ஏ மிகப்பெரியதாகவும் இருக்கலாமே. அப்போது x² + 49 < 100, அதாவது x² < 51. எனவே 4, 5, 6, 7. இதில் 7-ஐக் கவனியுங்கள்: 49 + 49 = 98, அந்தப் பக்கம் 100. கோணம் 91 பாகையைச் சற்றே தாண்டும். கண்ணால் பார்த்தால் செங்கோணம் என்றே சொல்வோம், வர்க்கம்தான் காட்டிக்கொடுக்கிறது.

இடையில் உள்ள 8 முதல் 12 வரை எல்லாம் குறுங்கோண முக்கோணங்கள்.

இரண்டு ஓரங்களும் சமமாக, 8, 8 என்று இருந்தால் படி 4-க்கு வேலையில்லை: x² + 64 < 64 நடக்காது. x² > 128 மட்டுமே. 12, 13, 14, 15.