சுருதி கலையாத விப்ரேட்டோ பிரிட்ஜ்

எலக்ட்ரிக் கிட்டாரில் சுருதியை அசைக்கும் நெம்புகோலான விப்ரேட்டோ கையை ஒருமுறை அமுக்கினாலே சுருதி போய்விடுகிறது என்று பலர், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை அசையாமல் பூட்டிவிடுகிறார்கள். எனக்கு மனசு கேட்காது. 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரோடு வந்த ஆறு ஸ்க்ரூ பிரிட்ஜைப் பற்றித்தான் சொல்கிறேன். அது ஒரு தராசு. முன்னால் கம்பிகள் இழுக்கின்றன, பின்னால் ஸ்பிரிங்குகள் இழுக்கின்றன. 10-46 கம்பிகள் (மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் பங்காக) வழக்கமான சுருதியான ஸ்டாண்டர்ட் ட்யூனிங்கில் சேர்ந்து இழுப்பது சுமார் 47 கிலோ. 9-42 என்றால் சுமார் 38. கம்பியின் தடிமனை மாற்றினால் மறுபடி செட் செய்தே ஆக வேண்டும்.

முதலில் கம்பிகளைத் தளர்த்துங்கள். ஆறு ஸ்க்ரூவில் ஓரத்து இரண்டுதான் கீல். நடு நான்கையும் அவற்றைவிடக் கொஞ்சம் உயர்த்தி, தகட்டில் உரசாமல் விடுங்கள்.

அப்புறம் பின்மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கும் தகட்டின் இரண்டு ஸ்க்ரூவையும் நன்றாக முறுக்குங்கள். கையை அமுக்கினால் பிரிட்ஜின் பின்விளிம்பு எழும்பும். அதற்கடியில் நான்கு பழைய ஏடிஎம் கார்டுகளை அடுக்கி வையுங்கள், ஏறக்குறைய 3 மி.மீ. வரும். கையை விட்டதும் கார்டுகள் இறுக்கமாக மாட்டிக்கொள்ள வேண்டும். இப்போது பிரிட்ஜ் அசையாது, எனவே ஒரு கம்பியை ஏற்றினால் மற்றவை இறங்கும் தொல்லையே இல்லை. நிதானமாக ட்யூன் செய்யுங்கள். புதுக் கம்பியென்றால் விரலால் இழுத்து இழுத்து நீட்டி, சுருதி நிலைக்கும்வரை திரும்ப ட்யூன் செய்யுங்கள். இதில் அவசரமே கூடாது. பிறகு பின்பக்க ஸ்க்ரூக்களைக் கால் சுற்று, கால் சுற்றாக, இரண்டையும் சமமாகத் தளர்த்துங்கள். கார்டுகள் தானாக நழுவி வரும் இடத்தில் நிறுத்துங்கள். சுருதி அப்படியே நிற்கும்.

இனி கையை முழுசாக அமுக்கி விட்டுப் பாருங்கள். ஒரு கம்பி சுருதி கூடித் திரும்பினால் குற்றம் பிரிட்ஜில் இல்லை, பெரும்பாலும் நட்டில்தான், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் பதிந்திருக்கும் பள்ளமிட்ட துண்டில்தான். கம்பி அந்தப் பள்ளத்தில் சிக்கிக்கொள்கிறது. பென்சில் கரியைப் பள்ளத்தில் தேயுங்கள். அப்படியும் சிக்கினால் பள்ளம் குறுகல். பழகிய கை ஒன்று அதை அரத்தால் அகலப்படுத்த வேண்டும்.

கழுத்தின் 12-ஆம் ஃபிரெட்டில் (உலோகக் கட்டையில்) இன்டொனேஷன் பார்ப்பது, அதாவது அங்கே அழுத்தினாலும் சுரம் சரியாக ஒலிக்கிறதா என்று பார்ப்பது, கடைசி வேலை. பிரிட்ஜின் உயரம் மாறினால் அதுவும் மாறிவிடும்.