லண்டன் ஜெர்மன் தேவாலயப் பதிவேடுகளில் ஒரு குடும்பத்தைத் தேடிய முறை

கிழக்கு லண்டனின் ஒயிட்சாப்பல் பகுதியில் 1762-இல் நிறுவப்பட்ட புனித ஜார்ஜ் ஜெர்மன் லூத்தரன் தேவாலயம், சர்க்கரை ஆலைகளில் வேலை செய்ய வந்த ஜெர்மானியர்களின் சபையாகவே வளர்ந்தது. அதற்கு முதற்பணம் தந்த டீட்ரிச் பெக்மானும் சர்க்கரை ஆலை முதலாளிதான். நண்பர் ஒருவரின் மூதாதையரை இந்தச் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில் தேடியபோது, ஆங்கிலப் பெயரடைவு எதையும் காட்டவில்லை.

பழைய ஜெர்மன் கையெழுத்தான குர்ரென்ட்டில் ‘எ’, ‘ன்’ ஒலிகளுக்குரிய எழுத்துகள் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரியான சாய்கோடுகள் என்பதால், அடைவு தயாரித்தவர் பெயரை வேறாகப் படித்திருக்கக்கூடும் என்று ஊகித்தேன். எனவே அடைவை விட்டுவிட்டு, மூலப் பக்கங்களில் ‘பெற்றோர்’, ‘சாட்சிகள்’ என்று திரும்பத் திரும்ப வரும் சொற்களிலிருந்தும் யோஹான், மரியா போன்ற ஐயமற்ற பெயர்களிலிருந்தும் அந்தப் போதகரின் கைக்கே உரிய எழுத்து அட்டவணை ஒன்றை உருவாக்கினேன். அச்சிட்ட மாதிரி அட்டவணைகளைவிட இது பன்மடங்கு பயன்பட்டது.

பெண்களின் குடும்பப் பெயரோடு ‘இன்’ என்ற விகுதி சேரும் அக்கால வழக்கத்தையும், 7 என்ற இலக்கத்தோடு சுருக்கி எழுதிய மாதம் ஜூலை அல்ல, செப்டம்பர் (லத்தீனில் ‘செப்டெம்’ என்றால் ஏழு) என்பதையும் கணக்கில் கொண்டபின் தாயின் பெயரும் தேதியும் பொருந்தின. ஞானப்பெற்றோரின் பெயர்களையும் குறித்துக்கொண்டேன். அவர்கள் பெரும்பாலும் உறவினராகவோ சொந்த ஊராராகவோ இருப்பார்கள் என்பதால், ஜெர்மனியில் அடுத்து எந்தத் திருச்சபைப் பதிவேட்டைக் கேட்பது என்பதற்கு அதுவே வழிகாட்டியது.