கிளெய்மைப் படிக்காமல் கருத்துச் சொல்லாதீர்கள்: போன் காப்புரிமைச் சண்டைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் அணிக்குப் புதிதாக வந்த பெண் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டு வந்தார். முதல் வரியே இப்படி: "இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்குவது ஆப்பிளின் காப்புரிமை." காப்புரிமையின் எல்லையைச் சொல்லும் வாக்கியங்களை, அதாவது கிளெய்ம்களை, படித்திருந்தால் இப்படி எழுத முடியாது. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எரிச்சல் அவர்மேல் இல்லை. பல வருடங்களுக்கு முன் இதே வரியை, ஏறக்குறைய இதே சொற்களில், நானும் எழுதிக் கொடுத்தவன்தான்.

போன் மென்பொருளைக் காப்புரிமை ஆவணத்தோடு வைத்துப் பார்த்து, எது மோதுகிறது, எது மோதவில்லை என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். 2010 முதல் 2018 வரை நடந்த ஸ்மார்ட்போன் வழக்குகள்தான் எங்களுக்குப் பாடப்புத்தகம். அவற்றைப் படிக்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பள்ளத்தில் வரிசையாக விழுகிறார்கள். காப்புரிமை எண்ணைத் தப்பாக எழுதுவது, வாதி யார், பிரதிவாதி யார் என்று மாற்றிப் போடுவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. இரண்டு முறை திட்டு வாங்கினால் அதெல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

தீர்ப்புத் தொகையைக் கைக்கு வந்த பணமாக எண்ணுவது

2012 ஆகஸ்ட் 24 அன்று அமெரிக்காவின் சான் ஹோசேயில் ஜூரி (பொதுமக்களிலிருந்து தேர்ந்த தீர்ப்புக் குழு), ஐபோன் காப்புரிமைகளை மீறியதற்காக சாம்சங் ஆப்பிளுக்கு ஏறத்தாழ 105 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்றது. இன்றும் பலர் அந்த எண்ணோடு கதையை முடித்துவிடுகிறார்கள். ஆனால் அடுத்த மார்ச்சிலேயே நீதிபதி லூசி கோ அதில் 45 கோடியைத் தள்ளிவைத்து, அந்தப் பகுதியை மட்டும் மறுபடி கணக்கிடச் சொன்னார். நவம்பரில் வேறொரு ஜூரி அதற்கு 29 கோடி என்றது. 2015இல் மேல்முறையீட்டில் இன்னொரு பகுதி உதிர்ந்தது. அந்த டிசம்பரில் சாம்சங் 54.8 கோடி கட்டியது. கட்டிவிட்டு உச்ச நீதிமன்றம் போய், 2016 டிசம்பரில் எட்டுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது. வழக்கு கீழே திரும்பி வந்தது. 2018 மேயில் இன்னொரு ஜூரி 53.9 கோடி என்றது. அடுத்த மாதம் இரு தரப்பும் சமரசமாகிவிட்டன.

எந்த ஆண்டு, எந்தக் கட்டம் என்று சொல்லாமல் தொகையை மட்டும் எழுதினால் அது பாதிப் பொய்.

'மென்பொருள் வழக்கு' என்ற பெயரை நம்புவது

அந்த 53.9 கோடியைப் பிரித்துப் பாருங்கள். வடிவக் காப்புரிமைகளுக்கு, அதாவது போனின் முகப்பு, அதன் விளிம்பு, வண்ண ஐகான்களின் வரிசை ஆகியவற்றுக்கு, 53.3 கோடி. சுருளும் திரை, தொட்டுப் பெரிதாக்குவது என்று எல்லோரும் வாய் ஓயாமல் பேசிய செயல்முறைக் காப்புரிமைகளுக்குக் கிடைத்தது வெறும் 53 லட்சம். நூற்றில் ஒரு பங்கு!

காரணம் சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி, வடிவத்தை மீறியவர் அந்தப் பொருளில் ஈட்டிய முழு லாபத்தையும் கொடுக்க வேண்டும். 'அந்தப் பொருள்' என்றால் முழுப் போனா, அதன் ஒரு பாகமா என்பதுதான் உச்ச நீதிமன்றம்வரை போன கேள்வி. பாகமாகவும் இருக்கலாம் என்று சொன்ன நீதிமன்றம், எப்படி அளப்பது என்பதைக் கீழ் நீதிமன்றங்களிடமே விட்டுவிட்டது.

காப்புரிமையையும் பதிப்புரிமையையும் குழப்புவது

காப்புரிமை காப்பது கண்டுபிடிப்பை; பதிப்புரிமை காப்பது எழுதிய படைப்பை. நம் மொழியில் குழப்பத்துக்குக் கூடுதல் சாக்கு உண்டு. செய்தித்தாள்கள் இரண்டுக்கும் 'காப்புரிமை' என்றே எழுதுகின்றன. ஆரக்கிள் கூகுள்மேல் போட்ட ஆண்ட்ராய்டு வழக்கில் காப்புரிமைப் பகுதி 2012 மேயிலேயே தோற்றுவிட்டது. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது ஜாவா நிரல்வரிகள் பற்றிய பதிப்புரிமை வழக்கு. அதைக் காப்புரிமைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

கிளெய்மைப் படிக்காமல் பேசுவது

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மேலே சொன்னதெல்லாம் தொண்டையைச் செருமிக்கொண்டதுதான்.

காப்புரிமை ஆவணத்தில் தலைப்பு இருக்கும், சுருக்கம் இருக்கும், படங்கள் இருக்கும், பக்கம் பக்கமாக விளக்கம் இருக்கும். அமெரிக்க ஆவணமென்றால் எல்லாம் முடிந்தபின் கடைசியில் எண் போட்ட வாக்கியங்கள் வரும். ஒவ்வொன்றும் மூச்சு விடாமல் ஓடும் ஒற்றை வாக்கியம். அவைதான் கிளெய்ம்கள். நிலத்துக்கு வேலி எப்படியோ அப்படி உரிமைக்கு அவை. கிளெய்மில் ஐந்து கூறுகள் இருந்தால் எதிராளியின் போனில் ஐந்தும் இருக்க வேண்டும். நாலு இருந்தால் மீறல் இல்லை. (சமமான மாற்று இருந்தாலே போதும் என்றொரு கோட்பாடு உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடலாம் என்று புதியவர்கள் கனவு காண வேண்டாம்.)

நான் விழுந்த கதை இது. ஒரு சிறிய நிறுவனம் தங்கள் செயலியின் ஒரு வசதியைக் காட்டி, இன்ன காப்புரிமையில் இடிக்குமா என்று கேட்டது. நான் தலைப்பைப் படித்தேன், சுருக்கத்தைப் படித்தேன், படங்களைப் பார்த்தேன். அச்சு அசல் இவர்கள் திரை மாதிரியே இருந்தது. "இடிக்கும், மாற்றிவிடுங்கள்" என்று எழுதிக் கொடுத்தேன். அவர்கள் இரண்டு மாதம் உட்கார்ந்து அந்த வசதியைப் பிரித்து மாற்றி எழுதினார்கள். பயனர்களுக்கு மாற்றம் பிடிக்கவில்லை. பிறகு வேறு காரணத்துக்காக அந்தக் கோப்பை எடுத்த என் மூத்தவர் கிளெய்மின் நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்தார். 'அதே நேரத்தில்' என்று இருந்தது. இவர்களுடைய செயலியில் இரண்டு வேலையும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடந்தன. "இதைப் படிச்சியாப்பா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை. அந்த இரண்டு மாதத்துக்கு யாரும் என்னிடம் கணக்குக் கேட்கவில்லை. அதனாலோ என்னவோ இன்னும் மறக்க முடியவில்லை.

இப்போது அந்த 'இரண்டு விரல்' காப்புரிமைக்கு வருவோம். எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை வைத்து வழக்கில் '915 என்று அழைக்கப்பட்டது அது. வாதாடப்பட்ட கிளெய்மை எடுத்துப் படித்தால், பெரிதாக்கும் யோசனையே முழுக்கத் தன்னுடையது என்று அது சொல்லவில்லை. திரையில் ஒரு புள்ளியில் தொட்டால் நகர்த்தல், இரண்டோ அதற்கு மேலோ என்றால் சைகை என்று நிரல் பிரித்தறியும் முறைதான் அங்கே விஷயம். இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்குவதை 2006லேயே ஜெஃப் ஹான் என்ற ஆராய்ச்சியாளர் மேடையில் செய்து காட்டிவிட்டார்.

அடுத்தது '381. பட்டியலின் கடைசிக்கு வந்த பிறகும் இழுத்தால் திரை ரப்பர் மாதிரி துள்ளித் திரும்புமே, அது. கிளெய்ம் சொல்வது என்ன? விளிம்பை எட்டிய பிறகும் விரல் திரையில் இருக்கும்போது விளிம்புக்கு அப்பாலுள்ள வெற்றிடம் தெரிய வேண்டும். விரலை எடுத்ததும் அந்த வெற்றிடம் மறையும்வரை ஆவணம் திரும்பி நகர வேண்டும். இதைப் படித்த சாம்சங்காரர்கள் என்ன செய்தார்கள்? வெற்றிடத்தையே காட்டாமல், விளிம்பில் ஒரு நீல ஒளியை மினுங்கவிட்டார்கள். கடைசிக்கு வந்துவிட்டோம் என்று பயனருக்குத் தெரிந்தாயிற்று. கிளெய்மின் முக்கியக் கூறு காணாமல் போயிற்று. முதலில் மாற்றச் சொல்லிவிட்டு அப்புறம் யோசித்த என்னைப் போன்றவர்களுக்கு அந்த நீல ஒளி ஒரு பாடம்.

ஆப்பிள் மோட்டோரோலாமேல் போட்ட வழக்கில், ஜெர்மனியின் ம்யூனிக்கில் 2012 பிப்ரவரியில் வந்த தீர்ப்பும் இதே ரகம். தள்ளித் திறக்கும் பூட்டுத்திரை பற்றியது. மோட்டோரோலாவின் போன்களில் இருந்த முறைகள் மீறல் என்றது நீதிமன்றம். அதே நிறுவனத்தின் ஸூம் டேப்லெட்டில் வட்டத்துக்குள்ளிருந்து எந்தத் திசையில் வெளியே இழுத்தாலும் திறந்துவிடும். அது மீறல் இல்லை. பயனருக்கு இரண்டும் ஒரே தள்ளல்தான்!

'சர்வர்' கதை இன்னும் கொடுமை. '647 என்பது ஆப்பிள் 1996இல் விண்ணப்பித்த காப்புரிமை. குறுஞ்செய்தியில் ஒரு தொலைபேசி எண் வந்தால் அதை அடையாளம் கண்டு, தொட்டதும் அழைக்கவோ சேமிக்கவோ வழி காட்டுவது. கிளெய்மில் 'அனலைசர் சர்வர்' என்றொரு சொற்றொடர் இருக்கிறது. நிரல் எழுதுகிறவருக்குச் சர்வர் என்றால் எங்கோ இருக்கும் கணினி. ஆப்பிளுக்கும் மோட்டோரோலாவுக்கும் நடந்த வேறொரு வழக்கில் நீதிபதி போஸ்னர் இதற்குப் பொருள் சொல்லியிருந்தார்: கிளையன்டிலிருந்து (வேலை கேட்கும் நிரலிலிருந்து) தனியாக இருந்து, அதனிடமிருந்து தரவைப் பெறும் சர்வர் ரொட்டீன், அதாவது ஒரு நிரல்துண்டு. 2014 ஏப்ரல் 25 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. அந்த நேரம் பார்த்து சான் ஹோசேயில் ஆப்பிள்–சாம்சங் இரண்டாவது வழக்கு முடியும் தறுவாயில் இருந்தது. பொருள் மாறிவிட்டதே என்று நிபுணர்களை மறுபடி கூண்டில் ஏற்றினார்கள்.

சாம்சங் சொன்னது: எங்களுடையது வெறும் லைப்ரரி (செயலிகள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பு), செயலியோடு சேர்ந்து ஓடுகிறது, 'தனி' கிடையாது. ஆப்பிள் சொன்னது: நினைவகத்தில் அது தனி இடத்தில்தான் இருக்கிறது, செயலிகள் அங்கே போய் வேலை வாங்குகின்றன. ஜூரி ஆப்பிளை நம்பியது. மொத்தம் 11.96 கோடி டாலர். அதில் 9.87 கோடி இந்த ஒரு காப்புரிமைக்கு. 2016 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் 'தனி' நிரூபிக்கப்படவில்லை என்று அதைத் தூக்கி எறிந்தார்கள். அக்டோபரில் அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு எட்டுக்கு மூன்று என்று திரும்பக் கொண்டுவந்தது. 'தனி' என்ற ஒற்றைச் சொல்லுக்காக ஏறக்குறைய பத்துக் கோடி டாலர் இப்படிப் போய்வந்தது.

இப்போது நான் வைத்திருக்கும் பழக்கம் இது. கிளெய்மை அச்சடித்து, ஒவ்வொரு கூறையும் தனி வரியாக உடைத்து, எதிரே போன் என்ன செய்கிறது என்று கையால் எழுதுவேன். எழுத முடியாத வரி எங்கே வருகிறதோ அங்கேதான் வழக்கு இருக்கிறது. அதற்குப் பிறகே சுருக்கத்தைத் திறப்பேன். புதிதாக வருகிறவர்கள் இதைக் கிழவன் பிடிவாதம் என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

ஒரு நாட்டுத் தீர்ப்பை இன்னொரு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவது

ஆப்பிளின் தள்ளித் திறக்கும் காப்புரிமை 2012இல் இங்கிலாந்தில் செல்லாது என்று ஆனது. நியோநோட் என்ற ஸ்வீடன் நிறுவனத்தின் போனில் அதைப் போன்ற முறை முன்பே இருந்தது. ஜெர்மனியிலும் விழுந்தது. அமெரிக்காவில் அதே குடும்பத்துக் காப்புரிமை, அதே நியோநோட் போனைக் காட்டி வாதாடியும், 2016இல் பிழைத்துக்கொண்டது.

ஜெர்மனியில் ரப்பர் துள்ளலுக்கு நேர்ந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 2013 செப்டம்பரில் அங்குள்ள காப்புரிமை நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. சாட்சி யார் தெரியுமா? ஸ்டீவ் ஜாப்ஸ். 2007 ஜனவரியில் ஐபோனை அறிமுகப்படுத்திய மேடையில் அவரே துள்ளலைச் செய்து காட்டிவிட்டார், விண்ணப்பத் தேதிக்கு முன்பே. அமெரிக்கச் சட்டம் கண்டுபிடித்தவருக்கு ஒரு வருடச் சலுகைக் காலம் கொடுக்கிறது. ஐரோப்பாவில் அப்படிப் பொதுச் சலுகை கிடையாது. சொந்த வாயால் சொன்னாலும் சொன்னதுதான்.

எண்ணிக்கையை வலிமை என்று நினைப்பது

கூகுள் 2011இல் மோட்டோரோலா மொபிலிட்டியை 1,250 கோடி டாலருக்குப் பேசி முடித்தபோது, 17,000 காப்புரிமைகள் கைக்கு வருகின்றன, இனி யாரும் கிட்டே வர முடியாது என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். நானும்தான். அவற்றில் பெரிய துருப்புச்சீட்டாகக் கருதப்பட்டவை வைஃபை, காணொளிச் சுருக்கம் போன்று எல்லா நிறுவனங்களும் பின்பற்றும் தொழில்நுட்பத் தரங்களோடு பின்னியவை. தரத்துக்குள் சேர்த்துவிட்டால் எல்லோருக்கும் நியாயமான விலையில் உரிமம் தருவேன் என்று வாக்குக் கொடுத்தாக வேண்டும். மைக்ரோசாஃப்டிடம் மோட்டோரோலா கேட்ட விலைப்படி ஆண்டுக்கு 400 கோடி டாலர் ஆகும் என்று வாதாடப்பட்டது. 2013 ஏப்ரலில் சியாட்டிலில் நீதிபதி ராபார்ட் போட்ட கணக்கு ஆண்டுக்குச் சுமார் 18 லட்சம் டாலர்.

அதே ஆண்டு சாம்சங் ஒரு தரக் காப்புரிமையை வைத்துப் பழைய ஐபோன்களுக்கு அமெரிக்க இறக்குமதித் தடை வாங்கியது. ஒபாமா அரசு ஆகஸ்டில் அதை ரத்து செய்தது. அப்படி ஒரு ரத்து 1987க்குப் பிறகு அதுதான் முதல் முறை.

தடை வந்தால் போன் கடையிலிருந்து மறைந்துவிடும் என்று எழுதுவது

பெரும்பாலும் மறைவது போன் இல்லை, ஒரு அசைவு. 2011 ஆகஸ்டில் நெதர்லாந்தின் ஹேக் நீதிமன்றம் மூன்று கேலக்ஸி மாடல்களுக்குத் தடை போட்டபோது சாம்சங் மாற்றியது படத்தொகுப்புச் செயலியை மட்டும்.

சமரசத் தொகையை ஊகிப்பது

வேண்டாம். ஆப்பிளும் தைவான் போன் நிறுவனமான எச்டிசியும் 2012 நவம்பரில் பத்தாண்டு உரிமம் போட்டுக்கொண்டார்கள். சாம்சங் நீதிமன்றம்வரை போராடி அந்த ஒப்பந்தத்தை வெளியே கொண்டுவந்தது. ஆவலோடு திறந்து பார்த்தேன். விலை இருக்க வேண்டிய இடமெல்லாம் கறுப்பு மை.