அப்டேட்டுக்குப் பிறகு விஎம்மில் நெட் வரவில்லையா? அழிப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள்

போன சனிக்கிழமை காலையில் அக்கா மகன் தாம்பரத்திலிருந்து போன் செய்தான். "மாமா, ராத்திரி விண்டோஸ் அப்டேட் ஆயிடுச்சு, காலைல பார்த்தா விஎம்ல நெட்டே வரல. டெலீட் பண்ணிட்டு புதுசா போடட்டுமா?" விஎம் என்றால் விர்ச்சுவல் மெஷின், கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி. அவனுடைய கடைசி வருட புராஜெக்ட், டேட்டாபேஸ் உட்பட, முழுக்க அதற்குள்தான் இருந்தது. எதையும் தொடாதே என்று சொல்லிவிட்டு மாம்பலத்தில் மின்சார ரயிலைப் பிடித்தேன். போய்ப் பார்த்தால் காணாமல் போயிருந்தது ஒரே ஒரு டிக் மார்க்.

தயவுசெய்து விஎம்மை அழிக்காதீர்கள். அப்டேட் ஆனது வெளியே இருக்கும் கணினி, அதாவது ஹோஸ்ட் என்றால், கோளாறு பெரும்பாலும் விஎம்முக்குள் இருக்கவே இருக்காது. அதே நெட்வொர்க் செட்டிங்கோடு புதிதாக ஒன்று போட்டாலும் அதிலும் நெட் வராது, இருந்த வேலையும் போய்விடும்.

முதலில் ஹோஸ்டில் நெட் வருகிறதா என்று பாருங்கள், விபிஎன் ஓடினால் அணைத்துவிடுங்கள். அது சரி என்றால் அடுத்தது நான் எப்போதும் செய்யும் சோதனை. விஎம்மை ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸில் விஎம்மின் நெட்வொர்க் செட்டிங்ஸைத் திறந்து, பிரிட்ஜ்டு (விஎம் நேராக ரௌட்டரோடு பேசும் முறை) என்று இருப்பதை நாட் (ஹோஸ்டின் இணைப்பு வழியாகவே வெளியே போகும் முறை) என்று மாற்றி, விஎம்மை ரீஸ்டார்ட் செய்யுங்கள். உள்ளே போய் ஐபி முகவரி பாருங்கள். 10.0.2.15 என்று வந்து, நெட்டும் வந்துவிட்டால் விஎம் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறது, உடைந்தது பிரிட்ஜ்தான். நாட் முறையிலும் வரவில்லை என்றால் விஎம்முக்குள் தேட வேண்டும். பாதி வேலை இந்த ஒரு மாற்றத்திலேயே முடிந்துவிடும். ஆனால் ஒன்று, விஎம்முக்குள் நீங்களே கையால் ஸ்டாட்டிக் ஐபி, அதாவது மாறாத முகவரி, போட்டு வைத்திருந்தால் இந்தச் சோதனை தப்பான பதிலைத்தான் தரும், அதைத் தற்காலிகமாக டிஹெச்சிபிக்கு (முகவரியைத் தானாகக் கேட்டு வாங்கும் முறைக்கு) மாற்றிவிட்டுப் பாருங்கள்.

அக்கா மகனுடைய மெஷினில் நாட் உடனே வேலை செய்தது. பிரிட்ஜில் போட்டால் மட்டும் 169.254 என்று தொடங்கும் முகவரி. அந்த எண்ணைப் பார்த்தாலே புரிந்துகொள்ளுங்கள், ஐபி கொடு என்று விஎம் கேட்டிருக்கிறது, யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் தானே ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. கேட்ட குரல் ரௌட்டர் வரை போகவே இல்லை.

விண்டோஸ் ஹோஸ்டில் இதற்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, 'என்சிபிஏ டாட் சிபிஎல்' கட்டளையைக் கொடுத்தால் நெட்வொர்க் அடாப்டர்கள் வரிசையாக வரும். நீங்கள் நெட்டுக்குப் பயன்படுத்தும் வைஃபை அல்லது ஈதர்நெட் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸ் போங்கள். அந்தப் பட்டியலில் 'விர்ச்சுவல்பாக்ஸ் என்டிஐஎஸ்6 பிரிட்ஜ்டு நெட்வொர்க்கிங் டிரைவர்' என்று ஒரு வரி இருக்கும், அதற்குப் பக்கத்தில் டிக் இருக்க வேண்டும். அவனுக்கு அதுதான் போயிருந்தது. டிக் போட்டு ஓகே கொடுத்து விஎம்மை ரீஸ்டார்ட் செய்ததும் வீட்டு ரௌட்டரிலிருந்து ஒழுங்கான முகவரி வந்தது. அந்த வரியே இல்லை என்றால் அதே பதிப்பு விர்ச்சுவல்பாக்ஸை மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். உங்கள் விஎம்கள் தனி ஃபோல்டரில் இருப்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது, நடுவில் ஹோஸ்டின் நெட் மட்டும் கொஞ்ச நேரம் அறுந்து திரும்பும், அதனால் டவுன்லோட் எதுவும் ஓடாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

டிக் இருந்தும் வரவில்லையா? அப்டேட் புது வைஃபை டிரைவரைப் போட்டு அடாப்டரின் பெயரை மாற்றியிருக்கலாம். விஎம் செட்டிங்ஸில் பிரிட்ஜ்டுக்குக் கீழே எந்த அடாப்டர் என்று பார்த்துத் திரும்பத் தேர்ந்தெடுங்கள். விஎம்மை ஓட்டும் மென்பொருள் விஎம்வேர் என்றால் விர்ச்சுவல் நெட்வொர்க் எடிட்டரில் பிரிட்ஜ் 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்கும், அது சில நேரம் தப்பான அடாப்டரைப் பிடித்துக்கொள்ளும், கையால் சரியானதைக் குறிப்பிடுவது நல்லது.

லினக்ஸ் ஹோஸ்டில் கதை வேறு. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் மாறியதும் விர்ச்சுவல்பாக்ஸின் கெர்னல் மாட்யூல்களை (கெர்னலோடு சேர்ந்து ஓடும் துண்டுகளை) புது கெர்னலுக்கு ஏற்ப மறுபடி பில்ட் செய்ய வேண்டும். அந்த கெர்னலுக்கான ஹெடர் பேக்கேஜ் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, ரூட் உரிமையோடு 'விபாக்ஸ்கான்ஃபிக்' (vboxconfig) கட்டளையை ஓட்டுங்கள். எல்லாம் பில்ட் ஆகியும் மாட்யூல் லோட் ஆகவில்லை என்றால் பெரும்பாலும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிதான் தடுக்கிறது, மாட்யூலுக்கு டிஜிட்டல் கையெழுத்து போட்டு அந்தச் சாவியைப் பதிவு செய்ய வேண்டும்.

சரி, அப்டேட் ஆனது விஎம்முக்குள் இருக்கும் லினக்ஸ் என்றால்? முதல் சந்தேகம் இன்டர்ஃபேஸ், அதாவது நெட்வொர்க் கார்டின் பெயர் மேல். பழைய ஈத்0 இப்போது விர்ச்சுவல்பாக்ஸில் ஈஎன்பி0எஸ்3 என்றும் விஎம்வேரில் ஈஎன்எஸ்33 என்றும் வரும். கான்ஃபிக் ஃபைலில் பழைய பெயரே இருந்தால் கார்டு இருந்தும் முகவரி வராது. உபுன்டுவில் 17.10 பதிப்பிலிருந்து நெட்வொர்க் அமைப்புக்கு நெட்பிளான்தான், அதன் ஃபைலில் பெயரைத் திருத்துங்கள், டேப் அடிக்காமல் ஸ்பேஸ் மட்டும் போடுங்கள், திருத்தியதும் நேராக 'அப்ளை' கொடுக்காமல் 'நெட்பிளான் ட்ரை' கொடுங்கள், 120 விநாடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடும். தூரத்து சர்வரில் வேலை செய்கிறவர்களுக்கு இது உயிர் காக்கிற விஷயம்.

முகவரி இருக்கிறது, தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுங்கள். அது போகிறது, பெயருக்குக் கொடுத்தால் போகவில்லை என்றால் தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் மட்டும்தான் பிரச்சினை, வேறு எதையும் நோண்டாதீர்கள்.

அப்புறம் காலேஜ், ஹாஸ்டல், பிஜி வைஃபையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லாகின் பக்கம் கேட்கிற அந்த மாதிரி நெட்வொர்க்குகளில் எல்லாம் சரியாக இருந்தும் பிரிட்ஜ் வேலை செய்யாமல் போவது சகஜம், அப்டேட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. அங்கே நாட் முறையிலேயே இருங்கள், ஹோஸ்டிலிருந்து உள்ளே போக போர்ட் ஃபார்வர்டிங் (ஹோஸ்டின் ஒரு போர்ட்டுக்கு வருவதை விஎம்மின் போர்ட்டுக்கு அனுப்பும் வசதி) போட்டுக்கொள்ளுங்கள், ஹோஸ்டின் 2222ஐ விஎம்மின் 22க்கு. அக்கா மகனுக்கு வீட்டில் பிரிட்ஜ் சரியாகிவிட்டது, ஆனாலும் காலேஜில் டெமோ காட்டுவதற்காக அன்றே இதையும் போட்டுக் கொடுத்து, எஸ்எஸ்ஹெச் (வேறு கணினிக்குள் பாதுகாப்பாக லாகின் செய்யும் வழி) வழியாக உள்ளே போக முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறினேன்.