அளவுக்கு மீறிய மீன்பிடிப்பு: ஒரு பத்தியை வரி வரியாக வாசிக்கவைப்பது எப்படி?

கடல், மீன், பாதுகாப்பு என்று பாடம் தொடங்கியதுமே கைகள் உயரும். "பிளாஸ்டிக் போடக் கூடாது டீச்சர்" என்று ஒரு குரல் வரும். கையிலிருக்கும் தாளில் பிளாஸ்டிக் என்ற சொல்லே இருக்காது. இந்தப் பொருளைப் பாடமாக எடுப்பதில் உள்ள பெரிய தொல்லை இதுதான். பாடம் எங்கே போய் முடியும் என்பது மாணவர்களுக்கு முன்பே தெரியும். முடிவு தெரிந்துவிட்டால் நடுவில் இருப்பதை யார் படிப்பார்கள்? அதனால் கடலைப் பற்றி அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை ஒரு மணி நேரம் ஓரமாக வைத்துவிட்டு, தாளில் இருக்கும் சொற்களை மட்டும் பார்க்கவைப்பதுதான் ஆசிரியரின் வேலை.

கீழே உள்ள முறை எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்குப் பொருந்தும். 45 நிமிடப் பாடவேளைகள் இரண்டு வேண்டும்.

பத்தியைத் தேர்ந்தெடுப்பது

நீளம் குறைவாக இருக்கட்டும். எழுபதிலிருந்து நூற்றைம்பது சொல் போதும். இரண்டு பக்கக் கட்டுரையைக் கொடுத்தால் மேலோட்டமாக ஓடிவிடுவார்கள். பத்தியில் மூன்று விஷயங்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: ஒரு எண், ஒரு காரணம், "ஆனாலும்", "எனவே" போன்ற ஓர் இணைப்புச் சொல். "கடல் நம் தாய், அவளைக் காப்போம்" என்ற வகைப் பத்திகளை ஒதுக்கிவிடுங்கள். அவற்றில் தோண்டிப் பார்க்க ஒன்றுமில்லை.

ஒரு வாக்கியத்துக்கோ நெருங்கிய இரண்டு வாக்கியங்களுக்கோ ஓர் எண் போட்டு, ஒவ்வோர் எண்ணையும் புதிய வரியில் தொடங்கி, வலப்பக்கம் நான்கு விரல் அகலம் வெற்றிடம் விட்டு அச்சிடுங்கள். மாதிரிக்கு இந்தப் பத்தியை எடுத்துக்கொள்ளலாம் (காட் என்பது குளிர்ந்த கடலில் வாழும் ஓர் உணவு மீன்):

1. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீன் பல நூற்றாண்டுகளாகப் பிடிக்கப்பட்டு வந்தது.
2. 1950களுக்குப் பிறகு, பிடித்த மீனைக் கப்பலிலேயே வெட்டி உறையவைக்கும் பெரிய இழுவலைக் கப்பல்கள் பல நாடுகளிலிருந்தும் வந்தன.
3. 1968இல் பிடிபட்ட அளவு 8 லட்சம் டன்னை எட்டியது.
4. 1977இல் கனடா தன் மீன்பிடி எல்லையை 200 கடல் மைலுக்கு நீட்டியது. பெரும்பாலான அயல்நாட்டுக் கப்பல்கள் விலகின.
5. ஆனாலும் சில ஆண்டுகளுக்குப் பின் மீன் மீண்டும் குறையத் தொடங்கியது.
6. 1992 ஜூலையில் அரசு காட் மீன்பிடிப்பை நிறுத்தியது. சுமார் 30,000 பேர் வேலை இழந்தனர்.
7. இரண்டு ஆண்டுகளுக்கு என்று சொல்லப்பட்ட தடை முப்பது ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது.

முன்கூட்டிச் சொல்ல வேண்டியது மிகக் குறைவு

பலரும் தவறுவது இங்கேதான். பத்து நிமிடம் கடலைப் பற்றிப் பேசிவிட்டுத் தாளைக் கொடுப்பார்கள். பிறகு மாணவர் சொல்லும் பதிலெல்லாம் ஆசிரியர் பேசியதிலிருந்து வரும், பத்தியிலிருந்து வராது. காணொளியை முதலில் போட்டாலும் அதே கதிதான். வலையில் சிக்கிய ஆமையின் முகம் மனதில் நின்றபின் 'ஆனாலும்' என்ற சொல் யார் கண்ணிலும் படாது. காணொளி வேண்டுமென்றால் இரண்டாம் பாடவேளையின் கடைசியில் போடுங்கள்.

இரண்டு சொற்களுக்கு மட்டும் பொருள் சொன்னால் போதும். இழுவலை: கப்பலின் பின்னால் கட்டி, பெரும்பாலும் கடலடியை ஒட்டி இழுத்துச் செல்லும் பை போன்ற வலை. கரும்பலகையில் ஒரு படம் வரைந்தால் அரை நிமிட வேலை. கடல் மைல்: 1,852 மீட்டர். 'உறையவைக்கும்' போன்றவற்றை மாணவரே ஊகிக்கட்டும்.

மெதுவாக வாசிக்கும் பிள்ளைகளுக்காகப் பத்தியை எளிமையாக்கத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். எளிமையாக்கும்போது முதலில் காணாமல் போவது 'ஆனாலும்' போன்ற சொற்கள்தான். பத்தியின் உயிர் அதில் இருக்கிறது. அவர்களுக்கு அதே பத்தியை ஒரு முறை கூடுதலாக உரக்க வாசித்துக் காட்டுங்கள், பக்கத்தில் ஒரு துணையை உட்கார வையுங்கள்.

மூன்று வாசிப்பு, மூன்று குறி

முதல் வாசிப்பு மௌனமாக, ஐந்து நிமிடம், கையில் பென்சில் இல்லாமல். இரண்டாவது ஆசிரியர் உரக்க வாசிப்பது. மூன்றாவதில்தான் பென்சில். எண்ணுக்கு வட்டம், செயலைச் செய்தவருக்கு அடிக்கோடு, புரியாத அல்லது ஐயம் தரும் இடத்துக்கு அலைக்கோடு. வேறு குறி வேண்டாம். பேனாவும் வேண்டாம், ஏனென்றால் பேனாவால் போட்டதை மாற்றப் பிள்ளைகள் தயங்குவார்கள்.

பாதிப் பேர் தாள் முழுக்கக் கோடு போட்டிருப்பார்கள். முழுக்கக் கோடு போட்ட தாளும் கோடே இல்லாத தாளும் ஒன்றுதான். வரிக்கு ஓர் அடிக்கோடு என்று வரம்பு வையுங்கள். செய்தவர் இல்லாத வரியில் கோடே வரக் கூடாது என்றும் சொல்லுங்கள். 1, 3, 5, 7 ஆகிய வரிகளில் கோடு போட இடமில்லாமல் திணறுவார்கள். அந்தத் திணறலை விட்டுவிடாதீர்கள், பாடம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஐந்தாம் வரியில் கால் மணி நேரம்

"மீன் குறையத் தொடங்கியது." இலக்கண வகுப்பில் படித்த தன்வினை, பிறவினை இங்கே வேலைக்கு வரும். குறைந்தது என்றால் தானாகக் குறைந்தது போல ஒரு தோற்றம். குறைத்தார்கள் என்றால் யாரோ செய்தார்கள். கரும்பலகையில் இப்படி எழுதுங்கள்:

______ மீனைக் குறைக்கத் தொடங்கினார்கள்.

கோடிட்ட இடத்தில் பெரும்பாலானோர் "அயல்நாட்டுக் கப்பல்காரர்கள்" என்று நிரப்புவார்கள். சரி தவறு என்று எதுவும் சொல்லாமல் நான்காம் வரியை வாசிக்கச் சொல்லுங்கள். அவர்களில் பெரும்பாலோர்தான் விலகிவிட்டார்களே, பிறகு எப்படிக் குறைப்பார்கள்? அடுத்து 'ஆனாலும்' என்பதைக் கையால் மறைத்து நான்கையும் ஐந்தையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு கையை எடுத்து மறுபடி. எல்லையை நீட்டியதால் மீன் பெருகும் என்று யாரோ எதிர்பார்த்தார்கள், அது நடக்கவில்லை என்பதை அந்த ஒரே சொல் சொல்கிறது.

அப்படியென்றால் குறைத்தது யார்? பத்தி சொல்லவில்லை. "பத்தி சொல்லவில்லை" என்பதும் முழு மதிப்பெண் பெறும் பதில்தான் என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் எதையாவது இட்டுக்கட்டுவார்கள்.

வகுப்பு இந்த இடத்துக்கு வந்தபின் மட்டும் பின்னணியைச் சொல்லுங்கள். 1977க்குப் பிறகு கனடாவின் சொந்தக் கப்பல்கள் பெருகின. கடலில் எவ்வளவு காட் இருக்கிறது என்ற கணக்கு உண்மையைவிடக் கூடுதலாகப் போடப்பட்டது, அதை நம்பிப் பிடிக்கும் அளவும் கூடுதலாக அனுமதிக்கப்பட்டது. எண்ணிக்கை குறையும்போதும் காட் மீன்கள் சில இடங்களில் நெருக்கமாகத் திரளும். ஒலியலைக் கருவி வைத்திருந்த பெரிய கப்பல்கள் அந்தத் திரளைத் தேடிப் போனதால் வலை நிறைந்துகொண்டே இருந்தது, கணக்கும் நன்றாகவே தெரிந்தது. கரையோரம் சிறு படகில் பிடித்தவர்களுக்கு அகப்பட்டது குறைந்தது. அவர்கள் முறையிட்டார்கள், உரிய நேரத்தில் யாரும் கேட்கவில்லை. நீர் வழக்கத்தைவிடக் குளிர்ந்ததையும் ஒரு காரணமாகச் சொல்வதுண்டு.

இதை வைத்து மூன்றாம் வரிக்குத் திரும்புங்கள். பிடிபட்ட அளவு 8 லட்சம் டன் என்றால் கடலில் மீன் நிறைய இருந்தது என்றுதானே பொருள் என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். பிடிபட்டது வேறு, கடலில் மிஞ்சியிருப்பது வேறு. பணப்பெட்டியிலிருந்து எடுத்த தொகையைப் பார்த்துப் பெட்டியில் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடியாதல்லவா?

ஆறாம், ஏழாம் வரிகளுக்கு ஐந்து நிமிடம் போதும். 'சொல்லப்பட்ட' என்பதில் சொன்னவர் யார் என்று ஒரு கேள்வி. வேலை இழந்தவர்களும் மீனைக் குறைத்தவர்களும் ஒரே ஆட்கள்தான் என்று பத்தி எங்காவது சொல்கிறதா என்று இன்னொரு கேள்வி.

எண்ணை வாசிப்பது

இரண்டாம் பாடவேளையை ஒரே ஒரு வாக்கியத்தோடு தொடங்கலாம்: "உலகின் மீன் இருப்புகளில் 37.7 விழுக்காடு அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டவை." ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு, 2021ஆம் ஆண்டு நிலவரமாக 2024 அறிக்கையில் தந்த கணக்கு இது. இதை "உலக மீன்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிந்துவிட்டது" என்று எழுதும் கட்டுரைகளைப் பார்க்கலாம். மாணவர்களும் அப்படித்தான் வாசிப்பார்கள்.

'இருப்பு' என்பது ஓர் இனத்தில், ஒரு கடற்பகுதியில், தமக்குள்ளேயே இனம் பெருக்கி வாழும் ஒரு கூட்டம். சிறிய கூட்டமும் ஓர் இருப்பு, பிரம்மாண்டமான கூட்டமும் ஓர் இருப்பு. இதைப் பலகையில் கணக்காகப் போடுங்கள். பத்து இருப்புகளில் நான்கு அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டவை, ஒவ்வொன்றிலும் கிடைப்பது 5 டன். மீதி ஆறு நல்ல நிலையில் இருப்பவை, ஒவ்வொன்றிலும் 30 டன். இருப்புகளை எண்ணினால் நூற்றுக்கு நாற்பது மோசம். எடையைப் பார்த்தாலோ 200 டன்னில் 20 டன், அதாவது நூற்றுக்குப் பத்து. இரண்டுமே உண்மை. அதே அறிக்கை, கரை சேர்ந்த மீனின் எடையில் சுமார் 77 விழுக்காடு தாக்குப்பிடிக்கும் நிலையில் உள்ள இருப்புகளிலிருந்து வந்ததாகவும் சொல்கிறது. எந்த எண்ணைப் பார்த்தாலும் "எதில் விழுக்காடு?" என்று கேட்கும் பழக்கம் வந்தால் போதும்.

இன்னொரு பொறி: "முழு அளவில் பிடிக்கப்படும்" இருப்புகள் என்று ஒரு பிரிவு உண்டு. அதே கணக்கில் அது 50.5 விழுக்காடு. எவ்வளவு பிடித்தால் தாங்குமோ அவ்வளவு பிடிக்கப்படுகிறது என்பதுதான் பொருள். இதையும் மேலே உள்ள 37.7ஐயும் கூட்டி, கிட்டத்தட்ட 90 விழுக்காடு ஆபத்தில் என்று தலைப்புப் போடுவது பழைய வழக்கம். கூட்டியது யார், எதையும் எதையும் கூட்டினார்கள் என்று மாணவர் கண்டுபிடித்தால் அந்த நாள் வீண் போகவில்லை.

ஏகாரமும் உம்மையும்

காரணங்களை வாசிக்கத் தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது: சொல்லின் கடைசியில் ஒட்டும் 'ஏ' (ஏகாரம்), 'உம்' (உம்மை). பெரு நாட்டின் நெத்திலிப் பிடிப்பு 1970இல் 1 கோடியே 20 லட்சம் டன்னைத் தாண்டியது. 1972-73இல் எல் நினோ (சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பசிபிக் கடலின் மேல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிகழ்வு) வந்து கடல் வெதுவெதுப்பானது, பிடிப்பு சரிந்தது. இப்போது மூன்று வாக்கியங்களைப் பலகையில் எழுதுங்கள்:

அ. எல் நினோவால் சரிந்தது.
ஆ. எல் நினோவாலும் சரிந்தது.
இ. எல் நினோவாலேயே சரிந்தது.

அளவுக்கு மீறிப் பிடித்ததும் ஒரு காரணம் என்று எண்ண இடம் தருவது எது, அந்தக் கதவைச் சாத்துவது எது? சில வகுப்புகள் 'அ' பற்றிப் பத்து நிமிடம் சண்டை போடும். போடட்டும். அந்த வாக்கியம் இரண்டு பக்கமும் பேசாமல் நிற்கிறது. செய்திகளில் அதிகம் வருவதும் அதுதான்.

பாதுகாப்புத் திட்டங்களைப் பற்றிய பத்தி என்றால் காலம் காட்டும் வினைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். 2030க்குள் உலகக் கடற்பரப்பில் 30 விழுக்காட்டைப் பாதுகாப்பது என்று 2022 டிசம்பரில் மான்ட்ரியலில் நாடுகள் ஒப்புக்கொண்டன. 'ஒப்புக்கொண்டன' நடந்துவிட்டது, 'பாதுகாப்பது' இனிமேல்தான். 'பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி' என்ற சொல்லையும் அப்படியே நம்ப வேண்டாம். உலகில் அப்படிப் பெயர் பெற்ற பல இடங்களில் மீன்பிடிக்க அனுமதி இருக்கிறது. எது தடை, யாருக்குத் தடை என்பதைப் பத்தி சொல்கிறதா என்று தேடவைக்க வேண்டும்.

கேள்வித்தாளும் திருத்தலும்

கேள்வியை எழுதியதும் ஒரு சோதனை செய்யுங்கள். பத்தியைப் படிக்காதவர் பதில் சொல்லிவிட முடியுமென்றால் அந்தக் கேள்வியை அடித்துவிடுங்கள். "கடலைக் காக்க நாம் என்ன செய்ய வேண்டும்?" என்பது முதல் அடியிலேயே விழும். "ஐந்தாம் வரி இல்லையென்றால் பத்தியின் பொருள் எப்படி மாறும்?" என்பது நிற்கும்.

எழுத்துப் பயிற்சிக்கு இருபது நிமிடம், ஐந்து வரி, ஒவ்வொரு கூற்றுக்கும் வரி எண் கட்டாயம். திருத்தும்போது இரண்டு வகை விடைகள் வரும். ஒன்று: "மனிதர்களின் பேராசையால் மீன்கள் அழிந்தன. நாம் விழித்துக்கொள்ள வேண்டும்." நல்ல தமிழ்தான், ஆனால் வரி எண் இல்லை, பேராசை என்ற சொல்லும் பத்தியில் இல்லை. மதிப்பெண் போடாமல், "எந்த வரி?" என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுங்கள். இன்னொன்று: "கப்பல்கள் விலகிய பிறகும் மீன் குறைந்தது (4, 5). அதனால் அவர்கள் மட்டும் காரணம் இல்லை. வேறு யார் என்று பத்தியில் இல்லை." வாக்கியம் தட்டையாக இருக்கிறது, 'கப்பல்கள்' என்று தொடங்கி 'அவர்கள்' என்று போய்விட்டது, 'பெரும்பாலான' என்பதையும் விட்டுவிட்டது. அந்தப் பிழைகளைக் குறித்துவிட்டு முழு மதிப்பெண்ணுக்கு ஒன்று குறைவாகக் கொடுங்கள். அந்த ஒன்று 'பெரும்பாலான' என்ற சொல்லுக்காக.