கொய்யா ஜெல்லி தெளிவாகவும் இறுக்கமாகவும் வர

ஜெல்லி இறுக மூன்று பொருள்கள் சேர வேண்டும்: பெக்டின் (பழத்தில் இயல்பாக உள்ள, இறுகவைக்கும் பொருள்), புளிப்பு, சர்க்கரை. ஒன்று குறைந்தாலும், எவ்வளவு நேரம் கொதித்தாலும் பாகுதான் மிஞ்சும். கொய்யாவில் பெக்டின் இயல்பாகவே நிறைய உண்டு. அதனால் ஜெலட்டின், அகர் போன்ற இறுக்கும் பொருள் எதுவும் தனியாக வேண்டாம்.

1 கிலோ பழத்தில் முக்கால் பங்கு பழுத்ததும் கால் பங்கு செங்காயுமாக எடுங்கள். கனிந்து குழைந்த பழம் மணக்கும். ஆனால் அதில் பெக்டின் சிதைந்திருக்கும், இறுகாது.

கழுவி, காம்பை நீக்கி, தோல் விதையோடு மெல்லிதாக நறுக்குங்கள். துண்டுகள் மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, சிறு தீயில் 30 நிமிடம் வேகவிடுங்கள். மசிக்க வேண்டாம்.

நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியை இரண்டாக மடித்து, அதில் ஊற்றி மூட்டையாகக் கட்டித் தொங்கவிடுங்கள். இரவு முழுக்கச் சொட்டட்டும். பலரும் பொறுமை இழந்து மூட்டையைப் பிழிவது இங்கேதான். பிழிந்தால் சதைத் துகள் இறங்கிச் சாறு கலங்கிவிடும். பிறகு அதைத் தெளியவைப்பது கடினம்.

ஆறிய சாற்றில் 1 டீஸ்பூன் எடுத்து, 3 டீஸ்பூன் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் (காயம் துடைக்கும் ஆல்கஹால்) விட்டு மெல்ல அசையுங்கள். முள்கரண்டியில் தூக்கும்படி ஒரே கட்டியாகத் திரண்டால் பெக்டின் போதும். சில்லுசில்லாகத் திரிந்தால் சாற்றைக் கொஞ்சம் சுண்டவைத்து மறுபடி பாருங்கள். சோதித்ததை வாயில் வைக்கக் கூடாது, கொட்டிவிடுங்கள்.

1 கப் சாற்றுக்கு முக்கால் கப் சர்க்கரை, 1 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. ஒரு தடவைக்கு 4 கப் சாற்றுக்கு மேல் வேண்டாம். அளவு கூடினால் கொதி நீளும். நீண்ட கொதி பெக்டினைச் சிதைக்கும், நிறமும் கருத்துவிடும். பொங்கி எழும் என்பதால் ஆழமான, அடிகனமான பாத்திரம் நல்லது. சிறு தீயில் சர்க்கரை முழுக்கக் கரைந்த பிறகே தீயைக் கூட்டுங்கள்.

இனி எல்லாம் பதத்தில்தான் இருக்கிறது. குளிர்ந்த உலோகக் கரண்டியை முக்கி எடுத்து, ஆவிக்கு வெளியே பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். முதலில் நீர்த்த சொட்டுகள் ஓடும். பின்பு இரண்டு சொட்டுகள் கனமாக, தனித்தனியே விழும். அவை விளிம்பிலேயே ஒன்றுசேர்ந்து ஏடாக வழுக்கி விழும்போது பதம் வந்துவிட்டது. தெர்மாமீட்டர் இருந்தால், உங்கள் இடத்தில் தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட 4 முதல் 5 டிகிரி செல்சியஸ் கூட. கடல் மட்டத்தில் 104 முதல் 105. சோதிக்கும்போது அடுப்பை அணைத்துவிடுங்கள், அந்த அரை நிமிடத்திலேயே பதம் தாண்டிவிடும்.

நுரையை நீக்கி, 10 நிமிடம் கொதிநீரில் கிடந்த கண்ணாடி ஜாடிகளில் சூடாகவே ஊற்றுங்கள். வாயருகே வைத்து மெல்ல ஊற்றினால் குமிழி சிக்காது. மேலே கால் அங்குலம் விட்டு மூடி, 12 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அதன்பின் ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும்.

ரப்பர் போலானால் கொதி அதிகம். மணல்மணலாகப் பூத்தால் சர்க்கரை அதிகம், அல்லது பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியது கரையவில்லை. நீர் கசிந்தால் பெரும்பாலும் புளிப்பு மிஞ்சியிருக்கும். இறுகவே இல்லையென்றால் கொட்டிவிடாதீர்கள்: கப்புக்கு அரை டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேர்த்து, ஏடு பதம் வரும்வரை மறுபடி வேகமாகக் கொதிக்கவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.